மயில்மேல் அமர்ந்து மறைந்தவர்

விடுதலைப் போராட்ட வரலாறு நம்மிடையே பெரும்பாலும் தலைவர்களின் வரலாறாகவே எழுதப்பட்டுள்ளது. காங்கிரஸ் கூட்டம் ஒன்றையேனும் கண்டிராத சிற்றூர் மக்களுக்கு விடுதலை என்னும் சொல்லைக் கொண்டுசேர்த்தவர்கள் நாடகக் கலைஞர்களே. அவர்களுள் முதலிடத்தில் வைத்து எண்ணத்தக்கவர் எஸ். எஸ். விசுவநாததாஸ்.

1886ஆம் ஆண்டு சிவகாசியில் பிறந்து திருமங்கலத்தில் வாழ்ந்த அவரை நடிகர் என்பதா, இசைவாணர் என்பதா, போராளி என்பதா? அக்கால மேடை இப்பிரிவுகளை அறியாது. சங்கரதாஸ் சுவாமிகள் இயற்றிய ‘வள்ளி திருமணம்’, ‘கோவலன்’ முதலிய நாடகங்களை நடிகர் யாவரும் மனப்பாடமாக அறிந்திருந்தனர். ஆகவே வெவ்வேறு ஊர்களிலிருந்து ஓரிரவுக்கென அழைக்கப்பட்ட கலைஞர்கள் ஒத்திகையின்றியே கூடி விடியும்வரை நடித்தனர். இதற்கு ‘ஸ்பெஷல் நாடகம்’ என்று பெயர். ஒலிபெருக்கி வராத காலத்தில், ஆர்மோனியத்தையும் மீறிக் கடைசி வரிசைக்கு எட்டும் குரல் இல்லாதவர் அங்கே நிலைக்க முடியாது. கதையின் நடுவே தாம் விரும்பிய பாடலை இடையிட்டுப் பாடும் உரிமையும் நடிகருக்கு இருந்தது.

அந்த உரிமையைத்தான் தாஸ் படைக்கலமாக்கினார். வள்ளி தினைப்புனம் காக்கும் காட்சியில் பறவைகளை விரட்டுவது கதை மரபு. அங்கே வெள்ளைக் கொக்கை விரட்டும் பாடலைப் பாடினார் அவர். கொக்கு யார் என்று எவரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. முன்வரிசையில் அமர்ந்திருந்த காவலருக்கும் அது நன்றாகவே புரிந்தது. 1919இல் ஜாலியன்வாலாபாக் படுகொலை நிகழ்ந்தபின் அதனைப் பாடும் பாடல்களும் மேடையேறின. ஆங்கில அரசோ 1876லேயே நாடகக் கட்டுப்பாட்டுச் சட்டத்தை இயற்றி வைத்திருந்தது. முருகன் வேடத்திலிருப்பவரை மேடையிலேயே கைது செய்வதும், விடுதலையானதும் அவர் அதே பாடலை வேறோர் ஊரில் பாடுவதும் வழக்கமாயின. 29 முறை அவர் சிறை சென்றதாக வரலாற்றாசிரியர் குறிப்பிடுவர்.

அரசின் சிறை ஒருபுறமிருக்க, மற்றொரு சிறையும் அவருக்கு இருந்தது. அவர் பிறந்தது மருத்துவர் குலத்தில். ஊரார் நாவிதர் என்று தாழ்த்திப் பேசிய சமூகம் அது. முருகனாக மேடையில் நின்றபோது மக்கள் அவரைக் கைகூப்பித் தொழுதனர். ஆனால் அவரோடு வள்ளியாக நடிக்கச் சாதியின் பெயரால் மறுத்த நடிகையரும் இருந்தனர். குரல் வேண்டும், குரலுக்குரிய மனிதன் வேண்டாம். இது ஏதோ அக்காலக் கொடுமை என்று ஒதுக்கிவிட எனக்கு மனம் வரவில்லை. எங்கள் வாணியம்பாடிப் பகுதியில் டேனரித் தொட்டிகளில் இறங்கித் தோலைப் பதப்படுத்தும் கைகளின் உழைப்பால்தான் ஊர் செழித்தது; அக்கைகளுக்கு ஊர் தந்த மதிப்பு யாது என்பதை நாம் அறிவோம். மிருதங்கத்துக்குத் தோல் வார்த்துத் தருவோருள் தலித் கிறிஸ்தவக் குடும்பங்கள் பல உண்டு. அவர்களைப் பற்றிய முழுநூல் ஒன்று வெளிவர 2020ஆம் ஆண்டுவரை, இசைக்கலைஞர் டி. எம். கிருஷ்ணா எழுதும்வரை, காத்திருக்க வேண்டியதாயிற்று.

தாஸுக்கு வழக்குகள் பெருகின, வாய்ப்புகள் அருகின, கடன் வளர்ந்தது. தேசியப் பாடல்களைக் கைவிட்டால் கடன் முழுவதும் தீர்க்கப்படும் என்ற அழைப்பு வந்ததாகவும், அதனை அவர் ஏற்கவில்லை என்றும் கூறுவர். அவருடைய பிடிவாதத்தின் விலையை அவரது குடும்பமும் சேர்ந்தே செலுத்தியது. இத்தகையோர் வரலாற்றை எழுதும்போது நாம் இதனை விட்டுவிடுகிறோம்.

1940 டிசம்பர் 31. சென்னை ராயல் தியேட்டரில் ‘வள்ளி திருமணம்’. உடல் நலிந்திருந்த நிலையிலும் மயில்மேல் முருகனாக அமர்ந்து பாடத் தொடங்கியவர், பாடிக்கொண்டிருக்கையிலேயே உயிர் நீத்தார்.

இதனைப் படிக்கும்போதெல்லாம் பிரெஞ்சு நாடக ஆசிரியர் மோலியேரின் நினைவு எனக்கு எழுகிறது. 1673 பிப்ரவரி 17 அன்று, நோயாளி வேடத்தில் நடித்துக்கொண்டிருந்தபோதே அவருக்கு வலிப்புக் கண்டது. நாடகத்தை முடித்துவிட்டு வீடு திரும்பியவர் அன்றிரவே இறந்தார். அழைக்கப்பட்ட குருக்கள் இருவர் வர மறுத்தனர். மூன்றாமவர் வந்து சேருமுன் உயிர் பிரிந்துவிட்டது. நடிப்புத் தொழிலை மறுதலிக்காத நடிகருக்குத் திருச்சபை அந்நாட்டில் கிறிஸ்தவ அடக்கம் தருவதில்லை. அவருடைய மனைவி மன்னரிடம் முறையிட்ட பின்னரே, நான்கு நாள் கழித்து, இரவு நேரத்தில், சடங்குச் சிறப்பின்றி அடக்கம் நிகழ்ந்தது. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965இல் கலைஞர்களைத் திருச்சபையின் நண்பர்கள் என்றும், 1999 உயிர்ப்புப் பெருவிழாவன்று திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் அவர்களுக்கெனத் தனி மடலே எழுதினார் என்றும் நாம் பெருமையோடு சொல்லலாம். எனினும் இடையில் கழிந்தவை ஏறத்தாழ முந்நூறு ஆண்டுகள்.

தாஸின் உடலோ பகல் வெளிச்சத்தில், திரளான மக்கள் சூழச் சென்னைத் தெருக்களின் வழியே எடுத்துச் செல்லப்பட்டது. மேடையில் புனைந்திருந்த முருகன் கோலத்தைக் கலைக்காமலே கொண்டுசென்றனர் என்பர்.