பெயர் சொல்லாமல் அழைத்த கோபுரங்கள்

2006 ஓகஸ்டில் டயலொக் நிறுவனம் தெற்காசியாவின் முதலாவது மூன்றாந் தலைமுறைக் கைத்தொலைபேசிச் சேவையை ஆரம்பித்தது. அதே மாதம் 11ஆம் திகதி முகமாலையில் போர் மூண்டு ஏ-9 பாதை மூடப்பட்டது. வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் தங்கியிருந்த வடபகுதியார் தொலைபேசி மணிக்காகக் காத்திருந்த காலம் அது.

மணி ஒலிக்குமுன் நடப்பதைப் பலர் அறியார். கோபுரம் கைபேசிக்கு அனுப்பும் வலு முழுவதும் பேச்சுக்குரியதன்று. ஓயாது ஒலிபரப்பாகும் வழிகாட்டித் தடமே ஏறத்தாழப் பத்திலொரு பங்கை விழுங்கிவிடும். கோபுரங்கள் யாவும் ஒரே அலைவரிசையைப் பகிர்வதால், 512 குறியீடுகளுள் தன்னுடையது எதுவென்பதை ஒவ்வொன்றும் அத்தடத்தின் மூலமே உணர்த்தும்.

அழைப்புத் தடம் வேறு. ஓய்ந்திருக்கும் கைபேசி எந்த வட்டாரத்தில் உள்ளது என்பதை மட்டுமே வலையமைப்பு அறியும். எந்தக் கோபுரத்தின் கீழ் என்பதை அறியாது. ஆகவே அவ்வட்டாரக் கோபுரங்கள் எல்லாம் ஒருசேரக் கூவும். கூவுவது வழக்கமாக ஒரு தற்காலிக இலக்கத்தை. ஒட்டுக்கேட்பவர் ஆளை இனங்காணாதிருக்க, இரண்டாந் தலைமுறையிலேயே செய்யப்பட்ட ஏற்பாடு இது.

தரையில் அந்தக் கண்ணியம் இருக்கவில்லை. அங்கே பெயரும் பிறந்த ஊரும் பொலிஸ் பதிவில் ஏறியாக வேண்டியிருந்தது. 2007 ஜூன் 7 அதிகாலை, கொழும்பு லொட்ஜ்களிலிருந்து முந்நூற்றுக்கும் மேற்பட்ட தமிழர்கள் பஸ்களில் ஏற்றி வெளியேற்றப்பட்டனர், பெரும்பாலோர் வவுனியாவுக்கு. மறுநாள் உயர் நீதிமன்றம் அதற்கு இடைக்காலத் தடை விதித்தது.

அவ்வாண்டின் இறுதியில் மொபிடெல் இன்னும் வேகமான சேவையைக் கொணர்ந்தது. அதற்கெனச் சேர்ந்த புதிய கட்டுப்பாட்டுத் தடம், அடுத்த இரண்டு மில்லிசெக்கன் யாருக்குரியது என்பதை முன்கூட்டியே அறிவிக்கும். அங்கும் பெயர் இல்லை, தற்காலிக இலக்கமே.