பேச்சைக் கேட்கும் பொறியும் எமது அம்மம்மாமாரின் குரலும்

நூற்றாண்டு காணும் எமது பழைய மாணவியர் சங்கத்தின் மலரில், அமெரிக்காவில் பணியாற்றும் கணனி ஆராய்ச்சியாளர் ஒருவரின் வரலாறு எதற்கு என்று சிலர் கேட்கக்கூடும். அவர் ஒரு பெண் என்பது ஒரு காரணம். அவருடைய ஆராய்ச்சி எமது வீட்டு முதியவர்களையும் தொடுகிறது என்பது அதனிலும் பெரிய காரணம்.

புவனா ராமபத்ரன் ஹியூஸ்டன் பல்கலைக்கழகத்தில் மின்பொறியியலில் கலாநிதிப் பட்டம் பெற்று, 1995 இல் ஐ.பி.எம். நிறுவனத்தின் வாட்சன் ஆராய்ச்சி நிலையத்தில் சேர்ந்தார். மனிதர் பேசுவதைக் கேட்டுப் பொறி எழுத்தாக்கும் துறையே அவருடையது. அக்காலத்தில் கணனிக்குச் சொல்லி எழுதுவிப்பவர் சொல்லுக்குச் சொல் நிறுத்திப் பேச வேண்டியிருந்தது. 1997 இல் வெளிவந்த ஐ.பி.எம். நிறுவனத்தின் 'வயாவொய்ஸ்' இயல்பான தொடர்பேச்சை ஏற்றது. அந்த மென்பொருள் வரிசையின் வளர்ச்சியில் அவருக்கும் பங்குண்டு.

எம்மை மிகவும் ஈர்ப்பது 2001 இல் தொடங்கிய 'மலாக்' திட்டம். நாசிகளின் இனவழிப்பில் உயிர்தப்பியோர் உட்பட ஏறத்தாழ 52,000 பேரின் வாக்குமூலங்களை, திரைப்பட இயக்குநர் ஸ்டீவன் ஸ்பீல்பேர்க் 1994 இல் நிறுவிய அமைப்பு ஒளிப்பதிவு செய்திருந்தது. 32 மொழிகள், 116,000 மணித்தியாலங்கள். ஒருவர் இரவுபகலாகக் கேட்டாலும் பதின்மூன்று ஆண்டுகள் போதா. அதற்குள் வேண்டியதைத் தேடியெடுக்க ஐ.பி.எம்., ஜோன்ஸ் ஹொப்கின்ஸ், மேரிலாந்து, பிராக் நகரின் சார்ள்ஸ் பல்கலைக்கழகம் முதலியன கைகோத்தன. ஆங்கிலப் பேச்சை எழுத்தாக்கும் பணியில் புவனா முன்னின்றார்.

செய்தி வாசிப்போரின் தெளிந்த குரலுக்குப் பழகிய பொறி, இங்கே தடுமாறியது. தளர்ந்த குரல், விம்மல், புகுந்த நாட்டில் முதிர்வயதில் கற்ற ஆங்கிலம், அகராதியில் இல்லாத ஊர்ப்பெயர்கள். 2003 இல் அவரும் சகாக்களும் வெளியிட்ட கட்டுரையின்படி நூறு சொற்களுக்கு ஏறத்தாழ 44 பிழைகள். அதே முதியவர்களின் பேச்சை மனிதர் இருந்து கேட்டு எழுதி, ஒலியையும் எழுத்தையும் சேர்த்துக் கொடுத்துத்தான் பொறியைப் பழக்கினார்கள். 2019 அளவில் பிழை ஏறத்தாழ பாதியாகக் குறைந்தது.

பின்னர் கூகிள் நிறுவனத்தில் பேச்சு ஆராய்ச்சிக் குழுவொன்றுக்குத் தலைமை ஏற்றார். 2019 இல் அவரும் சகாக்களும் தமிழ் உட்பட ஒன்பது இந்திய மொழிகளை ஒரே பொறிக்குக் கற்பித்து, மொழிக்கொன்றாகச் செய்தவற்றை அது விஞ்சுவதைக் காட்டினர். பதிவுகள் குறைந்த மொழிக்கு மற்ற மொழிகள் கைகொடுக்கும் வழி இது.

ஆனால் அது இந்தியாவில் பேசப்படும் தமிழ். எமது துறைமுகப் பட்டினத்தின் பேச்சு வேறு. சீனன்குடா, தம்பலகாமம், குச்சவெளி என்ற பெயர்களை எந்தப் பொறியும் தானாக அறியாது. 1942 ஏப்ரல் 9 அன்று யப்பானிய விமானங்கள் குண்டு வீசியதைக் கண்டவர்கள் அநேகமாக மறைந்துவிட்டார்கள். 1983 இற்குப் பின்னரான இடப்பெயர்வுகளையும் 2004 டிசம்பர் 26 சுனாமியையும் சொல்லக்கூடியவர்கள் இன்னும் எம்மிடையே இருக்கிறார்கள். அவர்களுக்கும் வயது ஏறுகிறது.

ஆகவே ரொறன்ரோவிலும் லண்டனிலும் மெல்பேர்ணிலும் ஊரிலும் வாழும் சகோதரிகளே, உங்கள் அம்மாவையும் அம்மம்மாவையும் பேசவிடுங்கள். அனுமதி கேட்டுப் பதிவு செய்யுங்கள். எழுத்துத் தமிழுக்குத் திருத்தாதீர்கள். பெயர், வயது, ஊர், நாள் குறித்து வையுங்கள். முடிந்தவரை கேட்டதைக் கேட்டபடியே எழுதியும் வையுங்கள். அந்தப் பதிவும் எழுத்தும் இருந்தால்தான், நாளைய பொறி திருகோணமலைத் தமிழைக் கேட்கப் பழகும். எமது பேரப்பிள்ளைகளும் தேடிக் கேட்பார்கள்.