பூச்சாடிக் கற்றாழையும் பழைய 'ஸபிர்' மருந்தும்



நம் வாசல் பூச்சாடியில் நிற்கும் கற்றாழைக்கு அரபியில் 'ஸபிர்'. பொறுமையைச் சொல்லும் 'ஸப்ர்' என்ற சொல்லுக்கும் அதே மூன்று எழுத்துகள்தான்.

இஹ்ராமில் இருப்பவருக்குக் கண்வலி வந்தால் ஸபிரைப் பற்றுப் போடலாம் என நபி (ஸல்) அவர்கள் கூறியதை உஸ்மான் (ரழி) அவர்கள் அறிவிக்கிறார்கள். ஸஹீஹ் முஸ்லிமில் உள்ளது. இதைப் படித்துவிட்டு யாரும் மடலை வெட்டிக் கண்ணில் தேய்க்க வேண்டாம்! அக்கால வைத்தியத்தில் ஸபிர் என்றது, மடலின் தோலுக்கடியில் கசியும் மஞ்சள் பாலை இறுக வைத்து எடுத்த கசப்புக் கட்டியை. சொகோத்ரா தீவிலிருந்து கப்பலேறிய சரக்கும் அதுவே. அந்த ஸபிருக்காகவே அலெக்சாண்டர் அங்கே கிரேக்கரைக் குடியேற்றினார் என்று 12ஆம் நூற்றாண்டில் அல்-இத்ரீஸி எழுதினார் (அப்படியே நம்புவது கடினம்தான்). நாட்டு மருந்துக் கடையில் கரியபோளம், மூசாம்பரம் என்று கேட்டால் தருவதும் இந்த வகைக் கட்டிதான்.

அந்தப் பால் கடும் பேதி மருந்து. மருந்துச் சீட்டில்லாமல் விற்கும் பேதி மருந்துகளில் அதைச் சேர்ப்பதை அமெரிக்கா 2002இல் நிறுத்தியது. நம்மில் சிலர் தோலோடு அரைத்து வெறும் வயிற்றில் குடிக்கிறோம். மடலை நிமிர்த்தி வைத்துப் பாலை வடியவிட்டு, தோல் சீவி, கழுவிய சோற்றை மேலுக்குப் பூசுவதே போதும். கர்ப்பிணிகள் குடிக்கவே வேண்டாம்.

நம் கற்றாழையின் பூர்வீகம் அரபுத் தீபகற்பத்தின் வறண்ட மலைகள். மணல் கலந்த மண், அடியில் துளை, மண் காய்ந்த பிறகே தண்ணீர். மாரி மழைக்குச் சாடியைத் திண்ணைக்கு இழுத்துவிடுங்கள், வேர் அழுகிவிடும்.