மலை இறங்கும் இரண்டு ஆண்டுகள்

மலேசியாவில் தாப்பாவிலிருந்து கேமரன் மலைக்கு ஏறும் பழைய சாலையில் முதலில் வரும் ஊர் ரிங்லெட். 45 கிலோமீட்டருக்கு ஓயாமல் வளைவுகள். கடல் மட்டத்திலிருந்து 1,100 மீட்டருக்கு மேலே ஊர். மாநிலம் பகாங் என்றாலும் இந்தச் சாலை போய் இறங்குவது பேராக்கில். 1929இல் ஜே. ஏ. ரஸ்ஸல் இந்த மலையில் போ தேயிலை நிறுவனத்தைத் தொடங்கினார். காட்டை வெட்டி, சரிவுகளில் செடி நட்டு, கொழுந்து கிள்ளியவர்களில் பெரும்பகுதியினர் தென்னிந்தியாவிலிருந்து வந்த தமிழர்கள். லயத்து வீடு, காலையில் ஆள் கணக்கெடுக்கும் பிரட்டுக் களம், கோயில், பள்ளி என்று தோட்டத்துக்குள்ளேயே ஒரு தலைமுறை பிறந்து வளர்ந்தது.

அந்தத் தோட்டங்களில் வைத்தியம் எதற்காக ஏற்பட்டது என்பதைப் பார்த்தால்தான், ஒரு குழந்தைக்கு ரத்தப் புற்றுநோய் வரும்போது குடும்பம் ஏன் அப்படி நிலைகுலைகிறது என்பது விளங்கும்.

மலாயாவின் 1912, 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டத் தொகுப்புகள், தொழிலாளருக்கு மருத்துவ வசதி தரும் பொறுப்பைத் தோட்ட முதலாளிமீது வைத்தன. சட்டத்துக்குப் பின்னால் இருந்த கணக்கு எளிது. மலேரியாவிலும் வயிற்றுப்போக்கிலும் ஆட்கள் மடிந்துகொண்டிருந்தார்கள். ஆள் இல்லாவிட்டால் ரப்பர்ப் பால் வெட்டும் நடக்காது, கொழுந்தும் இறங்காது. தோட்டத்து ஆஸ்பத்திரியும் அதிலிருந்த டிரெஸ்ஸர் என்ற மருத்துவ உதவியாளரும் வேலையாளைச் சீக்கிரம் வேலைக்காட்டுக்குத் திருப்பி அனுப்புவதற்கான ஏற்பாடு. கொயினா கொடுப்பது, கொக்கிப்புழுவுக்கு மருந்து, புண்ணுக்குக் கட்டு, பிரசவம். நோய் நாள் கணக்கில் தீரவேண்டும். மாதக் கணக்கில், ஆண்டுக் கணக்கில் நீளும் நோய்க்கு, அதிலும் வேலைக்கே போகாத ஒரு சிறு பிள்ளையின் நோய்க்கு, அந்த ஏற்பாட்டில் இடம் இல்லை.

அந்தக் காலத்தில் ரத்தப் புற்றுநோய் அந்தப் பெயரோடு தோட்டத்துக்குள் வந்திருக்கவும் வழியில்லை. குழந்தைகளுக்கு மிகுதியாக வருவது லிம்போபிளாஸ்டிக் என்ற வகை. 2 முதல் 5 வயதுக்குள் அது உச்சத்தில் இருக்கும். பிள்ளை வெளிறிப் போகும். காய்ச்சல் விட்டு விட்டு வரும். கால் வலிக்கிறது என்று அழும். மண்ணீரல் வீங்கும். மலாயாத் தோட்டங்களில் வெளிறிய பிள்ளைக்கும் வீங்கிய மண்ணீரலுக்கும் முன்பே ஒரு பெயர் இருந்தது: மலேரியா. கிள்ளானில் 1901 முதல் மலேரியாவை எதிர்த்து வேலை செய்த டாக்டர் மால்கம் வாட்சன், தோட்டத்துப் பிள்ளைகளின் வயிற்றைத் தொட்டுப் பார்த்து, எத்தனை பேருக்கு மண்ணீரல் வீங்கியிருக்கிறது என்பதைக் கொண்டே நோயின் கடுமையை அளந்தார். அத்தனை வீங்கிய வயிறுகளுக்கு நடுவே புற்றுநோயால் வீங்கிய ஒன்றை, ரத்தத்தை நுண்ணோக்கியில் வைத்துப் பார்க்காமல், யாரால் பிரித்தறிய முடியும்? பிரித்தறிந்திருந்தாலும் பலன் இருந்திருக்காது. அன்றைக்கு உலகத்தில் எங்குமே அதற்கு மருந்து கிடையாது.

மருந்து பிறந்த கதையில் இன்னொரு தேயிலை மலையும் வருகிறது. இங்கிலாந்து மருத்துவர் லூசி வில்ஸ் 1928இல் பம்பாய்க்கு வந்தார். ஆலைகளில் வேலை செய்த கர்ப்பிணிகளைக் கொல்லும் ஒருவகைச் சோகையின் காரணத்தைத் தேடுவது அவர் வேலை. நீலகிரியில் குன்னூர் பாஸ்டர் நிலையத்திலும், சென்னையில் இன்றும் கோஷா ஆஸ்பத்திரி என்றே மக்கள் சொல்லும் மருத்துவமனையிலும் அந்த ஆராய்ச்சி தொடர்ந்தது. ஈஸ்ட்டிலிருந்து செய்யப்படும் மார்மைட் என்ற மலிவான பசை அந்தச் சோகையைத் தீர்க்கிறது என்பதை 1931இல் அவர் வெளியிட்டார். மார்மைட்டில் இருந்து வேலை செய்த பொருளுக்குப் பின்னாளில் ஃபோலிக் அமிலம் என்று பெயர் வந்தது.

அதே சென்னையில், திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியிலும் சென்னை மருத்துவக் கல்லூரியிலும் படித்தவர் எல்லாப்பிரகட சுப்பாராவ். 1895இல் பீமவரத்தில் பிறந்த இந்தத் தெலுங்கர், ஸ்ப்ரூ என்ற குடல்நோய்க்கு உடன்பிறந்தவரைப் பறிகொடுத்தவர். ஃபோலிக் அமிலத்தால் தணியும் நோய் அது. அமெரிக்காவில் லெடர்லே ஆய்வகத்தில் அவருடைய குழு 1940களின் நடுவில் ஃபோலிக் அமிலத்தைச் செயற்கையாகத் தயாரித்தது. பிறகு அதன் வேலையைத் தடுக்கும் எதிர்ப்பொருள்களையும் செய்தது. அவற்றில் ஒன்றான அமினாப்டெரினை பாஸ்டன் நகரத்து மருத்துவர் சிட்னி ஃபார்பர், ரத்தப் புற்றுநோயில் செத்துக்கொண்டிருந்த குழந்தைகளுக்குக் கொடுத்தார். புற்றணுக்கள் பெருகுவதற்கும் ஃபோலிக் அமிலம் வேண்டும். அதைத் தடுத்தால் அவை ஒடுங்கும் என்பது அவர் எண்ணம். 16 குழந்தைகளில் 10 பேருக்கு நோய் பின்வாங்கியது. 1948 ஜூன் மாதம் அந்தக் கட்டுரை அச்சில் வந்தது. சுப்பாராவ் அதே ஆண்டு ஆகஸ்டில் இறந்தார். பின்வாங்கிய நோய் சில மாதங்களில் திரும்பி வந்தது; ஆனாலும் மருந்தால் இதை அசைக்க முடியும் என்பது முதல்முறையாகத் தெரிந்துவிட்டது.

அதே ஜூன் மாதத்தில்தான் கம்யூனிஸ்ட் கிளர்ச்சியை ஒட்டி மலாயாவில் அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. மலைச்சாலைகளில் வண்டிகள் பாதுகாப்போடு போகவேண்டிய காலம். பாஸ்டனில் நடந்தது ரிங்லெட்டை எட்டப் பல ஆண்டுகள் இருந்தன.

அமினாப்டெரினின் தங்கையான மெத்தோட்ரெக்சேட் வந்தது. கெர்ட்ரூட் எலியனும் ஜார்ஜ் ஹிட்சிங்ஸும் உருவாக்கிய மெர்காப்டோபியூரின் 1953இல் புழக்கத்துக்கு வந்தது. கோயில் நந்தவனத்திலும் லயத்து வாசலிலும் பூக்கும் நித்தியகல்யாணிச் செடியிலிருந்து எடுத்த வின்கிறிஸ்டின் 1963இல் அங்கீகாரம் பெற்றது. மெம்பிஸ் நகரில் 1962இல் திறந்த செயின்ட் ஜூட் மருத்துவமனையில் டொனால்ட் பிங்கெல் இந்த மருந்துகளை ஒன்றன்பின் ஒன்றாக இல்லாமல் சேர்த்துக் கொடுத்தார். மூளையில் ஒளிந்திருக்கும் புற்றணுக்களுக்கும் வைத்தியம் செய்தார். நோய் மறைந்த பிறகும் இரண்டு மூன்று ஆண்டுகள் மருந்தை நிறுத்தவில்லை. 1960களின் இறுதியில் அங்கே குழந்தைகளில் பாதிப்பேர் குணமானார்கள்.

அந்த மருத்துவமனை இன்னொன்றும் செய்தது. சிகிச்சைக்குக் காசு வாங்கவில்லை; குடும்பத்தின் பயணம், தங்குமிடம், சாப்பாடு எல்லாவற்றையும் தானே ஏற்றது. குடும்பம் தாங்கவில்லை என்றால் மருந்து பாதியில் நிற்கும், நின்றால் நோய் திரும்பும் என்பதை அவர்கள் வைத்தியக் கணக்கிலேயே சேர்த்திருந்தார்கள்.

சென்னை அடையாற்றில் முத்துலட்சுமி ரெட்டி 1954இல் குடிசைகளில் 12 படுக்கைகளோடு தொடங்கிய புற்றுநோய் நிலையத்திலும் இதே பாடம் கிடைத்தது. அங்கே டாக்டர் சாந்தாவும் மற்றவர்களும் 1984இல் எம்சிபி 841 என்ற சிகிச்சை முறையைக் கையாளத் தொடங்கினார்கள். மும்பை டாடா நினைவு மருத்துவமனையும் டில்லி எய்ம்ஸும் இதில் பங்கேற்றன. ஐந்தில் ஒரு பிள்ளை பிழைத்த நிலை மாறி, பாதியைச் சுற்றிய எண்ணிக்கை வந்தது. சிகிச்சையைப் பாதியில் விட்டு ஊருக்குப் போய்விட்ட குடும்பங்கள் மட்டும் இந்தியா முழுவதும் பெரிய கவலையாகவே இருந்தன.

மலேசியாவில் 1960களின் பிற்பகுதியில் தொடங்கிய மலாயாப் பல்கலைக்கழக மருத்துவமனை குழந்தைப் புற்றுநோய்க்கு முக்கியமான இடமானது. 1987இல் நாட்டின் முதல் எலும்பு மஜ்ஜை மாற்று அங்கேதான் நடந்தது. பிறகு மலேசிய, சிங்கப்பூர் மருத்துவர்கள் சேர்ந்து மா-ஸ்போர் என்ற கூட்டுச் சிகிச்சை முறையை வகுத்தார்கள். மருந்துக்குப் பின் உடலில் மிஞ்சியிருக்கும் புற்றணுக்களை நுட்பமாக அளந்து, நன்றாகத் தேறும் பிள்ளைக்கு மருந்தைக் குறைத்தார்கள். 2012இல் வெளியான முடிவுகளின்படி, சேர்ந்த 556 குழந்தைகளில் ஆறு ஆண்டு உயிர்வாழ்வு 88 விழுக்காட்டுக்கு மேல். மருந்து குறைந்தால் தொற்றும் குறையும், வார்டில் கிடக்கும் நாளும் குறையும். மலையிலிருந்து வரும் குடும்பத்துக்கு இது பெரிய உதவி.

ஆனாலும் சிகிச்சை இரண்டு ஆண்டுக்கு மேல் நீள்கிறது. முதல் ஐந்து வாரம் கடுமையானது. பிள்ளைக்கு வின்கிறிஸ்டின் ஊசி, ஸ்டீராய்டு மாத்திரை, முதுகுத்தண்டில் ஊசி. ஸ்டீராய்டு குடிக்கும் பிள்ளைக்குத் தீராத பசி எடுக்கும். நடுச்சாமத்தில் எழுந்து சோறு கேட்கும், முகம் ஊதும், காரணமில்லாமல் சீறும். முடி கொட்டும். இந்த வாரங்களில் அம்மா கோலாலம்பூர் வார்டில் கட்டிலுக்குப் பக்கத்து நாற்காலியில் இருப்பார். அப்பா தோட்டத்தில் இருப்பார், அல்லது காய்கறிக் கொட்டகையில். மற்றப் பிள்ளைகள் பாட்டி வீட்டில். பாட்டி இல்லாத வீட்டில் அடுத்த லயத்து அத்தை பார்த்துக்கொள்வார். கோலாலம்பூருக்கும் ரிங்லெட்டுக்கும் இடையே ஏறத்தாழ 200 கிலோமீட்டர். குடும்பம் இரண்டாக வாழத் தொடங்கும்.

அரசு மருத்துவமனையில் குடிமக்களுக்குக் கட்டணம் மிகக் குறைவு: வெளிநோயாளிக்கு 1 வெள்ளி (ரிங்கிட்), நிபுணரைப் பார்க்க 5 வெள்ளி. மலேசியாவின் பெருமைகளில் இது ஒன்று. குடும்பத்தை நசுக்குவது மருத்துவமனைச் சீட்டில் எழுதாத செலவு. பேருந்து, வாடகைக் கார், வெளிச் சாப்பாடு, போகாத வேலையின் சம்பளம். கிள்ளிய கொழுந்தின் எடைக்குக் கூலி வாங்குபவருக்கு விடுப்பு என்றால் கூலி இல்லை. 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டம் தொழிலாளி தானே ஆஸ்பத்திரியில் படுத்தால் 60 நாள் வரை ஊதியம் தரச் சொல்கிறது. பிள்ளைக்காக வார்டில் உட்கார்ந்தால் தனியார் துறையில் அந்த உரிமை இல்லை. தோட்டத்து வீடு வேலையோடு கட்டப்பட்டது. அம்மா, அப்பா இருவரும் வேலையை விட்டால் வீடும் போகும். பிறப்புப் பத்திரம் சரியில்லாததால் குடியுரிமை இல்லாமல் வளரும் தமிழ்ப் பிள்ளைகள் இன்றும் உண்டு. அந்தப் பிள்ளைக்கு நோய் வந்தால் வெளிநாட்டவர் கட்டணம். தேயிலைச் சரிவுகளில் இப்போது வேலை செய்யும் வங்காளதேச, நேப்பாளத் தொழிலாளர்களுக்கும் அதே கட்டணம்தான்.

வீட்டுக்குத் திரும்பிய பிறகு வரும் பயம் வேறு. வெள்ளணு குறைந்திருக்கும் பிள்ளைக்கு 38 பாகை காய்ச்சல் வந்தால் அது அவசரம். மணிக்கணக்கில் காத்திருக்க முடியாது. தானா ராத்தா மருத்துவமனை மேலே பக்கத்தில்தான் இருக்கிறது. அதற்கு மேல் வேண்டுமென்றால் இறங்கவேண்டும். மழைக்காலத்தில் மண் சரிந்தால் தாப்பாச் சாலை அடைபடும். 2013 அக்டோபரில் ரிங்லெட் அணை நீர் திறக்கப்பட்டு பெர்த்தாம் பள்ளத்தாக்கு வெள்ளத்தில் மூழ்கி உயிர்கள் போன இரவை இந்த ஊர் மறக்கவில்லை.

அம்மை இன்னொரு பயம். தமிழ்க் குடும்பத்தில் அம்மை போட்டால் வேப்பிலை வைத்து, மருந்து கொடுக்காமல், மாரியம்மனை வேண்டிக் காத்திருப்பது வழக்கம். கீமோ எடுக்கும் பிள்ளைக்கு நீர்க்கொப்பளிப்பான் என்ற சின்னம்மை உயிரைக் குடிக்கும். முதல் கொப்புளத்தைக் கண்டதும் மருந்து ஏறவேண்டும். வேப்பிலையும் வைத்து ஊசியும் போட்டுக்கொண்ட தாய்மார்கள் வழக்கத்தையும் காப்பாற்றினார்கள், பிள்ளையையும் காப்பாற்றினார்கள். திருவிழாக் கூட்டம், கல்யாண வீடு, பள்ளிக்கூடம் எல்லாம் நீண்ட காலம் விலக்கு. நோயில்லாத அண்ணனும் அக்காவும் அந்த இரண்டு ஆண்டில் தாங்களே சமைக்கவும் துவைக்கவும் பழகிவிடுகிறார்கள். அவர்கள் மதிப்பெண் குறைவதைக் கவனிக்க வீட்டில் ஆள் இருப்பதில்லை.

இந்தச் சுமையில் கொஞ்சத்தை மற்றவர்கள் தூக்கத் தொடங்கியது அண்மைக் காலத்தில்தான். 1966இல் ஏற்பட்ட தேசியப் புற்றுநோய்ச் சங்கம் வெளியூர்ப் பிள்ளைகளும் பெற்றோரும் தங்குவதற்குக் கோலாலம்பூரில் இல்லம் நடத்துகிறது. 2011 முதல் மருத்துவமனைக்குள்ளேயே பள்ளி நடக்கிறது. வார்டில் இருக்கும் பிள்ளை படிப்பை முழுதாக இழப்பதில்லை.

மீதி வேலை தோட்டத்திலும் சட்டத்திலும் இருக்கிறது. வீட்டிலிருந்தே மாத்திரை சாப்பிடும் கடைசிக் கட்டத்தில் பிள்ளைக்குத் தினமும் மெர்காப்டோபியூரின், வாரம் ஒருமுறை மெத்தோட்ரெக்சேட், அவ்வப்போது ரத்த எண்ணிக்கைப் பரிசோதனை. அந்த ரத்தத்தைத் தானா ராத்தாவில் எடுத்து, முடிவைக் கோலாலம்பூர் மருத்துவருக்கு அனுப்பி, மாத்திரை அளவைத் தொலைபேசியில் சொன்னால் ஒவ்வொரு முறையும் 400 கிலோமீட்டர் பயணமும் ஒரு நாள் கூலியும் மிஞ்சும். சிகிச்சை முடியும் வரை பெற்றோரில் ஒருவருக்கு ஊதியத்தோடு விடுப்பும், அந்தக் காலத்தில் வீட்டைக் காலி செய்யச் சொல்லக்கூடாது என்ற விதியும் வேண்டும். 1923இல் பத்துப் பிள்ளைகள் இருக்கும் தோட்டத்தில் பள்ளி வைக்கவேண்டும் என்று முதலாளியைக் கட்டாயப்படுத்த முடிந்த நாடு இது. நோயுற்ற பிள்ளையின் தாய்க்கு அவள் வேலையையும் வீட்டையும் காத்துத் தரும் சட்டத்தை எழுதுவதும் அதனால் முடியும்.