டிரைசூட் உள்ளுடை

தண்ணீர் புகாத மூழ்கு உடைக்குள் உடலையொட்டி அணியும் ஆடைகள். தண்ணீரைத் தடுப்பது மேலுடை; குளிரைத் தடுப்பது பெரும்பாலும் உள்ளுடையே. காற்றைவிடச் சுமார் 25 மடங்கு வேகமாக உடற்சூட்டைக் கடத்தும் தண்ணீருக்கு மெல்லிய ரப்பரோ நைலானோ ஈடுகொடுக்காது. உள்ளுடையின் இழைகளுக்கிடையே தங்கும் காற்றுதான் காப்பு.

லண்டனில் குடியேறிய ஜெர்மானியர் அகஸ்டஸ் சீபே, இடுப்பருகே திறந்திருந்த மூழ்கு சட்டையை 1830களின் இறுதியில் முழுதும் மூடிய உடையாக்கினார். 1782இல் ஸ்பிட்ஹெட்டில் மூழ்கிய 'ராயல் ஜார்ஜ்' கப்பலின் சிதைவை 1839 முதல் பிரித்தானிய ராணுவப் பொறியாளர் சார்லஸ் பாஸ்லியின் குழு அகற்றியபோது அது புகழ்பெற்றது. பிற்காலத்தில் இவ்வகை உடைக்குள் கம்பளி பனியன், கம்பளிக் காற்சட்டை, நீண்ட காலுறை, செப்புக் கவசத்தின் கீழ் கம்பளித் தொப்பி என்பது வழக்கமாயிற்று. குளிர் கூடினால் அவற்றையே இரண்டாம் அடுக்காகவும் போட்டுக்கொள்வர். பிரெஞ்சுக் கடலாய்வாளர் ழாக் கூஸ்தோவின் சிவப்புத் தொப்பி இம்மரபின் எச்சம் என்பர். கம்பளியைத் தேர்ந்தது சரியான முடிவே: நனைந்தாலும் ஓரளவு சூட்டைக் காக்கும். பருத்தியோ வியர்வையைக் குடித்துத் துவண்டு, உடம்போடு ஒட்டிக் குளிரை ஏற்றும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் தூத்துக்குடியிலும் மன்னாரிலும் முத்துக் குளித்தவர்கள் இடுப்புத்துணியுடன், கல்லின் கனத்தில் இறங்கி, மூச்சடக்கிச் சிப்பி அள்ளி ஏறினார்கள். வெதுவெதுப்பான கடலில், ஏறத்தாழ ஒரு நிமிட முழுக்குக்கு அதற்கு மேல் தேவைப்படவில்லை.

இரண்டாம் உலகப் போரில் டார்பிடோ மீதமர்ந்து சென்ற பிரித்தானிய வீரர்கள் தங்கள் ஸ்லேடன் ரப்பர் உடைக்கு 'நசநசத்த சாவு' எனப் பட்டப்பெயர் வைத்தனர். 1961இல் நார்வேயின் ஹெல்லி ஹான்சன் நிறுவனம் செயற்கை இழைப் பைல் துணியையும், 1970களின் இறுதியில் த்ரீ எம் நிறுவனம் தின்சுலேட் என்னும் நுண்ணிழைப் பஞ்சையும் கொண்டுவந்தபின் கம்பளியின் தனியாட்சி முடிந்தது.

இன்று வழக்கிலுள்ளது இரண்டடுக்கு முறை. தோலோடு ஒட்டுவது மெரினோ கம்பளி அல்லது பாலிப்ரொப்பிலீன். அதன் வேலை வியர்வையை வெளியே கடத்துவது. அதற்குமேல் தடித்த ஃபிளீஸ் அல்லது பஞ்சுவைத்த முழு உடுப்பு. மின்கலத்தால் சூடேறும் உள்சட்டைகளும் தற்போது விற்பனையில் உள்ளன. பத்து மீட்டர் ஆழத்தில் காற்றின் பருமன் பாதியாவதால் மேலுடை இறுகி உள்ளுடையை நசுக்கும்; வால்வு வழியே வாயு ஏற்றித் தளர்த்த வேண்டும். இதற்கு ஹீலியம் கலந்த வாயு ஆகாது. அது காற்றைவிடப் பல மடங்கு வெப்பங்கடத்தும். ஆர்கான் குறைவாகக் கடத்தினாலும், மூழ்குபவர் உணரும் பயன் சொற்பம்; செலவுக்குத் தகாது. தடிப்பு கூடினால் மிதப்பும் கூடும், இடுப்பில் ஈயமும் கூடும். காலுறை தடித்தால் பூட்சில் இடம் வேண்டும். இறுகினால் விரல்கள் மேலும் குளிரும். உள்ளுடையின் ஓரம் கழுத்து, மணிக்கட்டுப் பட்டைகளுக்குள் சிக்கினால் அவ்வழியே தண்ணீர் கசிந்து உள்ளுடை நனையும்.

திருவள்ளூர் மாவட்டக் கடற்கரையில், பழவேற்காடு முதல் எண்ணூர் வரை, மேற்பரப்பு நீர் ஆண்டில் பெரும்பகுதி 26 முதல் 30 பாகை செல்சியஸ். குளிருக்காக டிரைசூட் இங்கே வீண். அசுத்த நீர்தான் ஒரே நியாயம். 2017 ஜனவரி 28 அன்று எண்ணூர் காமராஜர் துறைமுகத்தருகே இரு கப்பல்கள் மோதி எண்ணெய் கசிந்தது. கரையொதுங்கியதைப் பலர் வாளியால் அள்ளினர். 2023 டிசம்பர் வெள்ளத்தில் மணலி ஆலைப் பகுதியிலிருந்து எண்ணெய் கொசஸ்தலையாற்றில் கலந்தது. இத்தகைய நீரில் மூழ்க நேர்ந்தால் வழவழப்பான வல்கனைஸ் ரப்பர் உடையே ஏற்றது. துணி மேலுடையில் எண்ணெய் ஊறும். உள்ளே ஒற்றை மெல்லிய அடுக்கு போதும்: வியர்வை வாங்கவும், ரப்பர் தோலில் உராயாதிருக்கவும். ஃபிளீஸ் போட்டுக் கரையில் வெயிலில் காத்திருப்பவருக்கு வெப்பத்தாக்கு வரும். முழுக்கு நேரம் நெருங்கும்வரை உடையைப் பூட்டாமல் நிழலில் இருப்பது நலம். மின்கலத்தால் சூடேறும் உள்சட்டைகளும் தற்போது விற்பனையில் உள்ளன.