யேசுதாஸ்: கோவில் வாசலும் கச்சேரி மேடையும்

கட்டாசேரி ஜோசப் யேசுதாஸ் (பிறப்பு: 10 ஜனவரி 1940) கேரளத்தின் ஃபோர்ட் கொச்சியில் பிறந்து, சென்னையில் தம் இசை வாழ்வை அமைத்துக்கொண்ட திரைப்படப் பின்னணிப் பாடகர்; கர்நாடக இசைக் கலைஞர். சிறந்த ஆண் பின்னணிப் பாடகருக்கான தேசிய விருதை எட்டு முறை பெற்றவர். பத்மஸ்ரீ (1975), பத்மபூஷண் (2002), பத்மவிபூஷண் (2017) ஆகிய விருதுகளும் அவருக்கு வழங்கப்பட்டன. இலத்தீன் கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்த அவர், மாதா கோவிலில் ஒலிக்கும் பாடல்களையும் ஐயப்பன் சன்னிதியில் ஒலிக்கும் பாடலையும் ஒரே ஈடுபாட்டோடு பாடினார். பாடகரின் மதம் ஒன்றாகவும் பாடலின் மதம் வேறொன்றாகவும் இருந்தால் என்ன ஆகும் என்ற கேள்வி அவர் வாழ்நாள் முழுவதும் அவரைத் தொடர்ந்தது. 2018-இல் அதே கேள்வி சென்னையின் சபா உலகில் எதிர்த்திசையிலிருந்து எழுந்தது. அதனால் அவரது வரலாற்றை அந்த நிகழ்வோடு சேர்த்துப் பார்ப்பது பயன் தரும்.

தந்தையும் கல்வியும்

தந்தை அகஸ்டின் ஜோசப் மலையாள இசை நாடகங்களில் பாடி நடித்தவர். பாகவதர் என்றே அழைக்கப்பட்டார். எஸ். ஜி. கிட்டப்பா காலத்துத் தமிழ் நாடக மேடையை அறிந்தவர்களுக்கு அந்தச் சூழலை அதிகம் விளக்க வேண்டியதில்லை. நடிகர் என்றால் முதலில் பாடகர். பாடகர் என்றால் கர்நாடக இசை அறிந்தவர். யேசுதாஸின் முதல் ஆசிரியரும் தந்தைதான். கத்தோலிக்க வீட்டில் கர்நாடக இசை வீட்டுப் பாடமாக இருந்தது என்பது இன்று சிலருக்கு வியப்பாகத் தோன்றலாம். தமிழக வரலாற்றை அறிந்தவர்கள் வியக்க மாட்டார்கள். தஞ்சையில் சரபோஜி மன்னரோடு சேர்ந்து கல்வி பயின்ற வேதநாயகம் சாஸ்திரியார் (1774–1864) 'பெத்லகேம் குறவஞ்சி' இயற்றிக் கிறித்தவக் கதைப்பாட்டு மரபு ஒன்றையே தொடங்கிவைத்தார். 'பிரதாப முதலியார் சரித்திரம்' எழுதிய மாயூரம் வேதநாயகம் பிள்ளை (1826–1889) கத்தோலிக்கர். அவரது 'சர்வ சமய சமரசக் கீர்த்தனைகள்' எல்லாச் சமயத்தாரும் பாடத்தக்கவை. 1917-இல் 'கருணாமிர்த சாகரம்' என்ற பெருநூலை வெளியிட்டுத் தமிழிசை ஆராய்ச்சிக்கு அடித்தளம் இட்ட ஆபிரகாம் பண்டிதரும் கிறித்தவரே.

யேசுதாஸ் திருப்பூணித்துறை ஆர். எல். வி. இசைக் கல்லூரியில் பயின்று கானபூஷணம் பட்டம் பெற்றார். பின்னர் திருவனந்தபுரம் சுவாதித் திருநாள் இசைக் கல்லூரியில் சேர்ந்தார். செம்மங்குடி சீனிவாச ஐயரும் கே. ஆர். குமாரசுவாமி ஐயரும் அங்கே இருந்த காலம் அது. ஆனால் வறுமை குறுக்கிட்டதால் அந்தப் படிப்பை முடிக்க இயலவில்லை.

சென்னைக்கு வந்த குரல்

அக்காலத்தில் மலையாளப் படங்களின் பாடல்கள் பெரும்பாலும் சென்னையில்தான் பதிவாயின. ஒலிப்பதிவுக்கூடங்களும் வாத்தியக் கலைஞர்களும் இங்கே இருந்தனர். எனவே கேரளத்தில் பாடகராக வேண்டுமென்றாலும் சென்னைக்கு ரயில் ஏறியாக வேண்டும். 14 நவம்பர் 1961 அன்று பரணி ஸ்டுடியோவில் 'கால்பாடுகள்' படத்துக்காக யேசுதாஸின் முதல் பாடல் பதிவாயிற்று. இசையமைப்பாளர் எம். பி. சீனிவாசன். பாடல், சாதி வேற்றுமையும் மதப் பகையும் இல்லாத வாழ்விடத்தைப் பற்றி ஸ்ரீ நாராயண குரு எழுதிய வரிகள். திட்டமிட்டு நடந்ததன்று, இருந்தாலும் பின்னர் வந்த வாழ்க்கைக்கு இதைவிடப் பொருத்தமான தொடக்கம் அமைந்திருக்க முடியாது. அவருக்கு முதல் தேசிய விருதைத் தந்த பாடலும், 'அச்சனும் பாப்பயும்' (1972) படத்துக்காக வயலார் ராமவர்மா எழுதியது, மனிதன் மதங்களை உண்டாக்கியதைப் பற்றியதுதான்.

தமிழில் 1964-இல் வெளிவந்த 'காதலிக்க நேரமில்லை', வீணை எஸ். பாலச்சந்தர் இயக்கிய 'பொம்மை' ஆகிய படங்கள் அவரை அறிமுகம் செய்தன. உச்சரிப்பில் மலையாளச் சாயல் இருக்கிறது என்று தமிழ் ரசிகர்களிடையே குறை சொல்லப்பட்டது உண்மை. அந்தக் குறை முற்றிலும் பொய்யானதன்று. ஆனால் குரலின் கனமும் சுருதிச் சுத்தமும் அதை மறக்கச் செய்தன. எம். எஸ். விஸ்வநாதனும் இளையராஜாவும் அவரைத் தொடர்ந்து பாடவைத்தார்கள்.

குரு செம்பை

திரைப்படத்தில் பெயர் பெற்ற பிறகும் அவர் கர்நாடக இசை கற்பதை விடவில்லை. செம்பை வைத்தியநாத பாகவதரிடம் (1896–1974) உயர்நிலைப் பயிற்சி பெற்றார். 1974-இல் குரு மறையும் வரை அந்த உறவு நீடித்தது. செம்பை பழைமையான பாலக்காட்டு ஐயர் குடும்பத்தைச் சேர்ந்தவர். குருவாயூரப்பனிடம் அளவற்ற பக்தி கொண்டவர். சினிமாப் பாடகர், அதிலும் கிறித்தவர், ஒருவரைச் சீடராக ஏற்பதை அன்று எளிதில் விழுங்கிக்கொள்ளாதவர்கள் இருந்திருப்பார்கள். அவர் ஏற்றார். கச்சேரி உலகில் யேசுதாஸுக்கு இடம் கிடைத்ததற்குக் குரல் எவ்வளவு காரணமோ, அந்தக் குருவின் பெயரும் அவ்வளவு காரணம் எனலாம். செம்பை கிராமத்தில் நடக்கும் ஏகாதசி இசை விழாவில் யேசுதாஸ் பல ஆண்டுகள் பாடிக் குருவுக்கு நன்றி செலுத்தினார். மயிலாப்பூரிலும் தியாகராய நகரிலும் நடக்கும் மார்கழிக் கச்சேரிகளிலும் வெள்ளை ஜிப்பாவும் வெண்தாடியுமாக அவர் வந்து அமர்வது பல ஆண்டுகள் வழக்கமான காட்சியாக இருந்தது.

1985-இல் கே. பாலசந்தர் 'சிந்து பைரவி' எடுத்தபோது, சென்னை சபா உலகத்தின் புகழ் பெற்ற வித்துவானான ஜே. கே. பி. என்ற பாத்திரத்துக்குக் குரல் தேவைப்பட்டது. நடித்தவர் சிவகுமார், பாடியவர் யேசுதாஸ். முத்துசுவாமி தீட்சிதரின் கிருதியும் தியாகராஜரின் கிருதியும் அதில் அவர் குரலில் ஒலித்தன. காம்போதி ராகத்தில் பாடப்பட்டு வந்த 'மரி மரி நின்னே' கிருதியை இளையராஜா சாரமதி ராகத்தில் அமைத்தது இசை வட்டாரத்தில் பெரிய விவாதத்தைக் கிளப்பியது. தமிழ் மக்களுக்குத் தமிழில் ஏன் பாடக்கூடாது என்பதும் அந்தப் படம் எழுப்பிய கேள்வி. ராகத்தைப் பற்றிச் சண்டை நடந்தது. மொழியைப் பற்றிச் சண்டை நடந்தது. ஆசாரமான வித்துவான் ஒருவரின் குரலாக ஒரு கத்தோலிக்கரின் குரல் ஒலித்ததைப் பற்றிப் பெரிய சச்சரவு எழவில்லை. தமிழ் ரசிகர்கள் அதை ஒரு செய்தியாகவே கருதவில்லை. இது கவனிக்கத்தக்கது.

திறந்த கதவும் திறவாத கதவும்

கோவில் வாசல்களில் நிலைமை வேறாக இருந்தது. குருவாயூர் கோவிலுக்குள் இந்து அல்லாதோர் செல்ல முடியாது. குருவாயூரப்பனைப் பற்றி எத்தனையோ பாடல்களைப் பாடிய யேசுதாஸுக்கும் அந்த விதி பொருந்தியது. குருவாயூர் நடைக்குச் செல்ல ஏங்கும் ஒருவரின் மனநிலையைப் பாடும் பாடலை 'ஒதேனன்டெ மகன்' (1970) படத்தில் அவரே பாடியிருக்கிறார். அந்தக் குரல் யாருடையது என்று தெரிந்து கேட்பவர்களுக்கு அது திரைப்பாடலாக மட்டும் கேட்பதில்லை. கேரளத்தில் இது குறித்துப் பலமுறை விவாதம் நடந்தும் விதி மாறவில்லை.

சபரிமலையில் எல்லா மதத்தாரும் செல்லலாம். 1975-இல் வந்த 'சுவாமி ஐயப்பன்' படத்துக்காக ஜி. தேவராஜன் மத்தியமாவதி ராகத்தில் அமைத்த ஹரிவராசனம், யேசுதாஸின் குரலில் இரவு நடை சாத்தும்போது ஒலிக்கிறது. மாலை போட்டு மலையேறும் தமிழ்நாட்டு பக்தர்களுக்கு அந்த நாளின் கடைசி ஒலி அதுவே. கர்நாடகத்தின் கொல்லூர் மூகாம்பிகை கோவிலில் தம் பிறந்தநாளன்று பாடுவதையும் அவர் நெடுங்கால வழக்கமாக வைத்திருந்தார். 2017-இல் திருவனந்தபுரம் பத்மநாபசுவாமி கோவிலில் வழிபட அனுமதி கேட்டார். இந்து சமயத்தில் நம்பிக்கை உண்டு என்று எழுதித் தருவோரை அனுமதிக்கும் முறை அங்கே உள்ளது. கோவில் நிர்வாகக் குழு அவரது வேண்டுகோளை ஏற்றது. அறுபது ஆண்டுகளாகப் பாடிக் காட்டியதை ஒரு தாளில் எழுதியும் காட்ட வேண்டியிருந்தது.

கிறித்தவப் பாடல்கள்

இரண்டாம் வத்திக்கான் சங்கம் (1962–1965) திருப்பலியை அந்தந்த நாட்டு மொழியில் நடத்த வழி திறந்தது. அதுவரை இலத்தீனில் கேட்டுவந்த கத்தோலிக்க மக்களுக்குத் தமிழிலும் மலையாளத்திலும் புதிய பாடல்கள் தேவைப்பட்டன. குருக்களே பாட்டெழுதி இசையமைக்கத் தொடங்கினர். இதற்கு அடுத்த கட்டமாக ஒலிநாடா வந்தது. 1980-இல் யேசுதாஸ் திருவனந்தபுரத்தில் 'தரங்கணி' நிறுவனத்தைத் தொடங்கினார். 1992-இல் அது சென்னைக்கு மாறியது. தரங்கணி வெளியிட்ட 'சினேகப்பிரவாகம்' என்ற கிறித்தவப் பாடல் தொகுப்புக்கு அருட்தந்தை ஜஸ்டின் பனக்கல் இசையமைத்தார். பாட்டுப் புத்தகத்தோடு கோவிலில் மட்டும் இருந்த பாடல்கள், இத்தகைய ஒலிநாடாக்கள் வழியாக வீட்டு வரவேற்பறைக்கும் பேருந்துக்கும் வந்தன. அதே நிறுவனம் ஐயப்பன் பாடல்களையும் ஓணப் பாடல்களையும் வெளியிட்டது. இன்று கிறித்தவப் பாடகர் என்றால் கிதாரும் மேடை விளக்குகளும் நினைவுக்கு வருகின்றன. யேசுதாஸின் கிறித்தவப் பாடல்களில் மேலோங்கி நிற்பது மெல்லிசையும் ராகச் சாயலும்தான்.

2018-இல் எழுந்த கேள்வி

ஆகஸ்டு 2018-இல், பாடகர் ஓ. எஸ். அருண் சென்னையில் இயேசுவைப் பற்றிய கர்நாடக இசைக் கச்சேரி பாடவிருப்பதாக விளம்பரம் வந்தது. சமூக ஊடகங்களில் கடும் எதிர்ப்பு எழுந்தது. அவர் நிகழ்ச்சியிலிருந்து விலகிக்கொண்டார். முன்பு கிறித்தவப் பாடல்கள் பாடியதற்காக நித்யஸ்ரீ மகாதேவன் உள்ளிட்ட வேறு சிலரும் வசைக்கு ஆளானார்கள். இதற்கு எதிர்வினையாக டி. எம். கிருஷ்ணா, மாதம் ஒன்றாக இயேசுவையோ அல்லாவையோ பற்றிய கர்நாடக இசைப் பாடலை வெளியிடுவதாக அறிவித்தார். அதே ஆண்டு நவம்பரில் தில்லியில் அவர் பாடவிருந்த நிகழ்ச்சி எதிர்ப்புக்குப் பின் ஒத்திவைக்கப்பட்டது. பின்னர் தில்லி அரசு வேறு மேடை அமைத்துக் கொடுக்க, அங்கே பாடினார்.

எதிர்த்தவர்கள் சொன்ன காரணங்கள் எல்லாம் ஒரே தரத்தன அல்ல. தியாகராஜரின் கிருதியில் ராமன் பெயரை எடுத்துவிட்டு இயேசுவின் பெயரை வைப்பது திருட்டு என்ற குறை ஒன்று. இது நியாயமான குறை. ஒரு வாக்கேயக்காரரின் சொல்லும் இசையும் பிரிக்க முடியாதவை. அவர் யாரை நினைத்துப் பாடினாரோ அவரை நீக்கிவிட்டுப் பாட்டை மட்டும் எடுத்துக்கொள்வது முறையன்று. ஆனால் கிறித்தவருக்காகவே புதிதாக இயற்றப்பட்ட பாடலுக்கும், இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே வேதநாயகம் சாஸ்திரியார் இயற்றிய பாடலுக்கும் இந்தக் குறை பொருந்தாது. இரண்டையும் ஒன்றாக்கிப் பேசியதால், ராகமே ஒரு சமயத்தாரின் சொத்து என்று சொல்வது போல ஆகிவிட்டது.

கிறித்தவர் ஒருவர் தியாகராஜர் கிருதியைப் பாடினால் சென்னை கைதட்டியது. இந்துப் பாடகர்கள் இயேசுவைப் பாட முன்வந்தபோது மேடை சுருங்கியது. முதல் வகையில் கேட்பவரின் நம்பிக்கை அப்படியே இருக்கிறது. வேற்று மதத்தார் ஒருவர் அதற்கு மரியாதை செய்கிறார் என்ற மகிழ்ச்சியும் சேர்கிறது. இரண்டாம் வகையில் கேட்பவர்தான் பிறர் வீட்டுக்குள் அடியெடுத்து வைக்க வேண்டும். யேசுதாஸ் அந்த அடியைத் தம் இருபதுகளிலேயே எடுத்துவைத்தார். சாந்தோம் பேராலயத்துக்கும் கபாலீசுவரர் கோவிலுக்கும் இடையே நடந்தே போய்விடலாம்; அந்த மயிலாப்பூரைச் சுற்றி வாழும் ரசிகர்களில் எத்தனை பேர் அதே அடியை மறுபக்கமாக எடுத்துவைக்க ஆயத்தமாக இருக்கிறார்கள் என்பது 2018-க்குப் பிறகும் தீராத வழக்காகவே இருக்கிறது.