ஒரு பென்சில் சித்திரமும் கொத்துக்காடும்

ஜவ்வாது மலைச் சாரலில் ஒரு பாறைமேல் உட்கார்ந்து கால் மணி நேரத்தில் வரைந்து, முடிந்ததா இல்லையா என்று சொல்லாமலே நண்பர் ஒருவர் என்னிடம் கொடுத்த பென்சில் சித்திரம் நெடுநாளாக என் மேஜையில் கிடந்தது. சரிந்து இறங்கும் நான்கைந்து ரேகைகள். அவற்றின்மேல் குனிந்த மூன்று உருவங்கள். ஓரத்தில் ஒரு காவல் பரண். எல்லாவற்றுக்கும் மேலே, தாளின் குறுக்கே பென்சிலை அழுத்தி இழுத்த ஒரே ஒரு கோடு. மற்றதெல்லாம் வெறும் தாள்.

1874-இல் பாரிஸ் நகரில் தம் முதல் கண்காட்சியை நடத்தி, அரைகுறைப் படம் காட்டுகிறார்கள் என்ற பரிகாசத்துக்கு ஆளான இம்ப்ரெஷனிஸ்டு ஓவியர்களின் சிஷ்யர் என்று நண்பர் தம்மைச் சொல்லிக்கொள்வார். வர்ணத்தையும் வெயிலையும் உயிராகக் கொண்ட அந்தச் சம்பிரதாயத்தைக் கரிய பென்சிலால் அனுஷ்டிப்பது உப்பில்லாமல் ஊறுகாய் போடுவது போல என்பது என் அபிப்பிராயம். ஆனால் அக்கூட்டத்தைச் சேர்ந்த பிஸாரோவே குடியானவர்களின் குனிந்த முதுகை வண்ணமில்லாமல் எத்தனையோ முறை வரைந்து பழகியிருக்கிறார் என்பதால், வாதத்தை நான் வளர்க்கவில்லை.

சமவெளிக்காரனாகிய நான் அதைச் சாமை அறுவடை என்றே நிச்சயித்திருந்தேன். மறுமுறை ஜமுனாமரத்தூர்ப் பக்கம் போனபோது மலையாளிப் பழங்குடிப் பெரியவர் ஒருவரிடம் தாளை நீட்டினேன். அவர் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, “அறுக்கிறவன் கை தரையில இல்ல இருக்கும்? இவன் முழங்கை தோளுக்கு மேல நிக்குது. இது விதைப்புங்க, கொத்துக்காடு” என்றார்.

ஏர் ஓட இடங்கொடுக்கும் தட்டையான நிலம் உழவுக்காடு. கலப்பை நிற்காத சரிவு கொத்துக்காடு. ஆனி, ஆடி மழையில் ஈரம் கண்ட சரிவில் சாமையை வீசி விதைத்து, மண்வெட்டியால் கொத்தி விதையை மூடுகிறார்கள். நண்பர் கருவியை வரையவில்லை. உயர்ந்த முழங்கையை மட்டும் வரைந்தார். அதைக் கண்டுகொள்ள மண்வெட்டி பிடித்த கண் வேண்டியிருந்தது.

இந்த மலையில் பிறக்கும் சேயாற்றின் நாட்டை ஆண்ட செங்கண்மாத்து நன்னனைப் பாடிய மலைபடுகடாமே தினையும் வரகும் அவரையும் எள்ளும் விளையும் சாரலைக் காட்டுகிறதென்றால், இவ்வட்டாரத்து மலைப்பயிரின் தொன்மையைப் பற்றி நான் விஸ்தரிக்க வேண்டியதில்லை. காட்டின் ஒரு துண்டை வெட்டி எரித்து, சாம்பலில் விதைத்து, மண் களைத்தால் அதை மரத்துக்கே திருப்பி விட்டு வேறிடம் பெயர்வது பழைய புனக்காட்டு முறை. 1882-ஆம் ஆண்டின் சென்னை வனச் சட்டம் வந்து, காடுகள் ‘ரிசர்வு’ என்று எல்லை கட்டப்பட்ட பின், பெயர்ந்து போக இடம் குறுகி, நிலத்துக்குக் கிடைத்த நீண்ட ஓய்வும் குறுகியது. பெரியவரின் விரல் அந்த அழுத்தமான கோட்டில் வந்து நின்றது. “இதுக்கு மேல ரிசர்வுங்க” என்றார். மேலே நிழல் திரண்டிருந்தபடியால் அழுத்தினேன் என்று நண்பர் பின்னர் விளக்கம் சொன்னார், இருக்கலாம். எனக்கென்னவோ, சர்வேக்காரர்கள் போட்ட கோட்டைத்தான் அவர் தம்மை அறியாமல் மீண்டும் போட்டார் என்று தோன்றுகிறது.

இதற்குள் திண்ணையோரம் உரலில் சாமை குத்திக்கொண்டிருந்த பெரியவரின் மனைவியும் வந்து எட்டிப் பார்த்தார். கடுகளவான அந்தத் தானியத்தில் உமி ஒட்டிக்கொண்டு எளிதில் விடுவதில்லை; காயவைத்து, குத்தி, புடைத்து, மறுபடி குத்தி, மறுபடி புடைத்த பிறகே ஒருவேளைச் சோற்றுக்கு அரிசி சேரும். அரவை இயந்திரமும் ரேஷன் அரிசியும் மலையேறியதும் வீட்டுக்கு வீடு உரல் ஓய்ந்ததற்கு இந்தப் பிரயாசையே பெரிய காரணம்.

“குத்தறவளைப் போடலையே?” என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல், அவர் உலக்கையை எடுத்துக்கொண்டார்.